தடைக்கு முன் பிறந்தவர்கள், பின் பிறந்தவர்கள்: கருவில் பட்ட பூச்சிக்கொல்லியும் மூன்று வயது நடத்தையும்

1998-ஆம் ஆண்டு முதல் நியூயார்க் நகரின் வடக்கு மன்ஹாட்டன், தெற்கு பிராங்க்ஸ் பகுதிகளில் வசித்த கர்ப்பிணிப் பெண்கள் பலர், பேறுகாலத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஏதேனும் இரண்டு நாட்கள், ஒரு சிறிய முதுகுப்பையைச் சுமந்தபடியே தங்கள் அன்றாட வேலைகளைச் செய்தார்கள். பைக்குள் ஒரு சிறு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் மூச்சு விடும் உயரத்தில் பொருத்தப்பட்ட குழாய் வழியாகக் காற்றை இழுத்து, அதில் கலந்திருந்தவற்றை வடிகட்டியிலும் நுரைப்பஞ்சிலும் அது பிடித்து வைத்தது. இரவில் பை கட்டிலருகே இருந்தது. 48 மணி நேரம் முடிந்ததும் பை ஆய்வகத்துக்குச் சென்றது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிகா பெரேரா தலைமையில் 1998-இல் தொடங்கிய குழந்தைகள் சுற்றுச்சூழல் நல மையம் இந்த ஆய்வை நடத்தியது. வாகனப் புகை, புகையிலைப் புகை, பூச்சிக்கொல்லி ஆகியவை கருவிலிருக்கும் குழந்தையை எவ்வாறு பாதிக்கின்றன என்று பல ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பதே அதன் நோக்கம்.

அந்தப் பைகளில் சிக்கியவற்றுள் குளோர்பைரிபாஸ் என்ற ஒரே பூச்சிக்கொல்லியை மட்டும் இந்த நிகழ்வு ஆய்வு எடுத்துக்கொள்கிறது. இந்த ஆய்வுத் தொடரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் பின்னாளில் வெளியான மூளைப் படங்களையே சுட்டுவார்கள். ஆனால் ஆய்வின் உண்மையான வலிமை அதன் காலண்டரில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே வீட்டுப் பயன்பாட்டிலிருந்து அந்தப் பொருள் விலக்கப்பட்டது. அதே தெருக்களில், அதே வகைக் குடும்பங்களில், தடைக்கு முன்பும் பின்பும் குழந்தைகள் பிறந்தார்கள். ஆய்வின் பெரிய பலவீனம் ஒன்றும் அதே காலண்டரில்தான் ஒளிந்திருக்கிறது.

யாரைச் சேர்த்தார்கள்

ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 18 முதல் 35 வயது வரையிலான, ஆப்பிரிக்க அமெரிக்கர்களும் டொமினிக்கன் குடியரசைப் பூர்விகமாகக் கொண்டவர்களுமான பெண்கள். புகைபிடிப்பவர்களும் போதைப்பொருள் பயன்படுத்துபவர்களும் சேர்க்கப்படவில்லை; நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், எச்ஐவி தொற்று உள்ளவர்களும் தவிர்க்கப்பட்டார்கள். கருவின் வளர்ச்சியைப் பாதிப்பவை என்று ஏற்கெனவே தெரிந்த காரணங்களை முதலிலேயே அகற்றிவிட்டால், எஞ்சும் வேறுபாட்டில் மாசின் பங்கு எவ்வளவு என்று தெளிவாகத் தெரியும் என்பதே இந்தக் கண்டிப்பான தேர்வின் பின்னணி. அகற்ற முடியாதது வறுமை ஒன்றுதான். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் குறைந்த வருமானம் உடையவர்கள்.

வறுமைக்கும் பூச்சிக்கொல்லிக்கும் இங்கே நேரடித் தொடர்பு இருந்தது. குழாய் கசிந்து, சுவரில் ஓட்டை விழுந்து, பராமரிப்பின்றிக் கிடந்த பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் கரப்பான் தொல்லை அதிகம். தொல்லை கூடக்கூட மருந்தடிப்பும் கூடியது. 2002-இல் வெளியான தொடக்கக் கட்டுரையில், கேட்கப்பட்ட பெண்களில் 85 சதவீதத்தினர் கர்ப்ப காலத்தில் வீட்டில் ஏதேனும் ஒரு வகைப் பூச்சி ஒழிப்பு நடந்ததாகத் தெரிவித்திருந்தார்கள். அதே கட்டுரைக்காகக் காற்று மாதிரி பரிசோதிக்கப்பட்ட 72 பெண்களில் ஒருவர்கூட விடுபடாமல், அனைவரின் பையிலும் குளோர்பைரிபாஸ் இருந்தது. டயாசினான், புரோபாக்சர் ஆகிய வேறு பூச்சிக்கொல்லிகளும் அவ்வாறே எல்லோரிடமும் காணப்பட்டன. மருந்தே படாத ஒரு குழுவை ஒப்பீட்டுக்குத் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. ஆகவே அதிகம் பட்டவர்களையும் குறைவாகப் பட்டவர்களையும் ஒப்பிடுவது ஒன்றுதான் சாத்தியமாக இருந்தது.

காற்று மாதிரியோடு நிறுத்திக்கொள்ளாமல், பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தையும், அதையொட்டித் தாயின் ரத்தத்தையும் ஆய்வாளர்கள் சேகரித்தார்கள். தாயின் ரத்தத்திலும் தொப்புள்கொடி ரத்தத்திலும் காணப்பட்ட அளவுகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. தாயிடம் கூடினால் குழந்தையிடமும் கூடியது. நஞ்சுக்கொடி இந்தப் பொருளுக்குத் தடுப்புச் சுவராக இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. அளவுகள் பிகோகிராமில் குறிக்கப்பட்டன. ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இத்தனை சிறிய அளவைப் பற்றித்தான் பின்னாளில் பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன.

பொருளும் அது செயல்படும் விதமும்

குளோர்பைரிபாஸ் ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்த பூச்சிக்கொல்லி. டவ் கெமிக்கல் நிறுவனத்தின் தயாரிப்பாக 1965-இல் அமெரிக்காவில் பதிவு பெற்றது. வீடுகளுக்கு டர்ஸ்பான், வயல்களுக்கு லார்ஸ்பான் என்று இரு பெயர்களில் விற்கப்பட்டது. நரம்பு முனையில் வெளிப்படும் அசிட்டைல்கோலின், செய்தியைக் கடத்திய உடனே அசிட்டைல்கோலினெஸ்டிரேஸ் என்ற நொதியால் சிதைக்கப்பட வேண்டும். அந்த நொதியை இவ்வகைப் பொருள்கள் முடக்கிவிடுவதால், நரம்பு ஓயாமல் தூண்டப்பட்டுப் பூச்சி சாகிறது. மனித உடலிலும் அதே நொதிதான் வேலை செய்கிறது. கடுமையான நஞ்சேற்றத்தில் எச்சில் வடிதல், கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றுவதன் காரணமும் இதுவே.

ஒழுங்குமுறை அமைப்புகள் நீண்ட காலமாக இந்த ஒரு வழியையே அளவுகோலாக வைத்திருந்தன: ரத்தச் சிவப்பணுவில் நொதியின் செயல்பாடு 10 சதவீதம் குறையாத வரை ஆபத்தில்லை என்று கணக்கிட்டார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் தியோடர் ஸ்லாட்கின் குழுவினர் எலிக்குட்டிகளிடம் கண்டது வேறு. நொதி குறிப்பிடத்தக்க அளவு முடங்காத குறைந்த அளவிலேயே, வளரும் மூளையில் உயிரணுப் பெருக்கமும், செரட்டோனின் என்ற மற்றொரு நரம்புச் செய்திப்பொருளின் பாதைகளும் பாதிக்கப்பட்டன. வளர்ந்த மூளையில் செய்தியைக் கடத்துவதோடு நிற்கும் அசிட்டைல்கோலின், கருவின் மூளையில் எந்த நரம்பணு எங்கே நகர வேண்டும், எதனோடு இணைய வேண்டும் என்பதையும் வழிநடத்துகிறது. அந்த வேளையில் ஏற்படும் குறுக்கீட்டுக்கு உடனடி நோய்க்குறி எதுவும் இருக்காது. அதன் விளைவு நடத்தையாக வெளிப்படும் வரை பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

நச்சை முறிக்கும் திறனிலும் குழந்தை பின்தங்கியிருக்கிறது. குளோர்பைரிபாஸ் உடலுக்குள் மாற்றம் அடைந்து உருவாகும் வீரியமான வடிவத்தைச் சிதைக்கும் பாராக்சனேஸ் என்ற நொதி, கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு ஆய்வின்படி, பிறந்த குழந்தையிடம் சராசரியாகத் தாயின் அளவில் கால் பங்கே இருந்தது. தாய்க்கு எந்தத் தொல்லையும் தராத அளவு கருவுக்கும் தொல்லை தராது என்ற ஊகம் இதனால் நிற்பதில்லை.

தடை

1996-ஆம் ஆண்டின் உணவுத் தரப் பாதுகாப்புச் சட்டம், பூச்சிக்கொல்லிகளின் பாதுகாப்பு வரம்பைக் குழந்தைகளை மனத்தில் வைத்து மறு கணக்கிடுமாறு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு ஆணையிட்டிருந்தது. அந்தக் கணக்கின் விளைவாக, 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முகமை உற்பத்தியாளர்களுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: குளோர்பைரிபாஸின் வீட்டுப் பயன்பாடுகள் ஏறக்குறைய அனைத்தும் நிறுத்தப்படும், 2001 டிசம்பர் இறுதியோடு சில்லறை விற்பனையும் முடியும். வயல்களில் பயன்படுத்துவது பெரும்பாலும் தொடரும். இந்த முடிவு விலங்கு ஆய்வுகளின் அடிப்படையில் எடுக்கப்பட்டது. கொலம்பியா குழுவின் கட்டுரைகள் எதுவும் அப்போது வெளியாகியிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தடையின் விளைவு ரத்தத்தில் விரைவாகவே தெரிந்தது. பைகளில் சிக்கிய அளவும் தொப்புள்கொடி ரத்தத்தில் இருந்த அளவும் பல மடங்கு சரிந்தன. 2004-இல் ராபின் வையாட் தலைமையிலான குழு பிறப்பு எடையை ஆராய்ந்தபோது, 2001 ஜனவரிக்கு முன் பிறந்தவர்களில் குளோர்பைரிபாஸும் டயாசினானும் சேர்ந்து மிக அதிகமாகப் பட்டவர்கள், மிகக் குறைவாகப் பட்டவர்களைவிடச் சராசரியாக 186 கிராம் எடை குறைவாக இருந்தார்கள். அதற்குப் பின் பிறந்தவர்களிடம் இந்தத் தொடர்பைக் காண முடியவில்லை. வாடகை, வருமானம், கட்டடங்களின் நிலை எதுவும் சில மாதங்களில் தலைகீழாக மாறிவிடவில்லை. மாறியது பூச்சிமருந்து. கண்காணிப்பு ஆய்வுகளில் இத்தகைய வாய்ப்பு அபூர்வமாகவே அமையும். பரிசோதனை செய்ய அறம் அனுமதிக்காத இடத்தில், ஒரு நிர்வாக முடிவு பரிசோதனையின் வேலையைச் செய்தது.

மூன்று வயதில் கண்டது

2006 டிசம்பரில் வர்ஜீனியா ரா தலைமையில் வெளியான கட்டுரைதான் இந்த நிகழ்வின் மையம். 254 குழந்தைகள் 12, 24, 36 மாத வயதுகளில் பேலி வளர்ச்சி அளவுகோலால் சோதிக்கப்பட்டார்கள். இது தேர்வாளர் நேரில் நடத்தும் சோதனை. கனசதுரக் கட்டைகளை அடுக்குவது, படியேறுவது, சொன்ன பொருளைச் சுட்டிக்காட்டுவது போன்ற பணிகள் அதில் உண்டு. சராசரி மதிப்பெண் 100. தொப்புள்கொடி ரத்தத்தில் ஒரு கிராமுக்கு 6.17 பிகோகிராமுக்கு மேல் இருந்தவர்கள் உயர் அளவுக் குழுவாகக் கொள்ளப்பட்டார்கள். இவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். தாயின் கல்வி, தாயின் நுண்ணறிவு, வீட்டில் குழந்தைக்குக் கிடைக்கும் ஊக்கம், புகையிலைப் புகை, கர்ப்ப காலத்தின் நீளம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், மூன்றாவது வயதில் இவர்கள் உடல் இயக்க வளர்ச்சியில் 6.5 புள்ளிகளும் அறிவு வளர்ச்சியில் 3.3 புள்ளிகளும் பின்தங்கியிருந்தார்கள்.

சராசரியாகப் பார்த்தால் இது சிறிய வேறுபாடு. வகுப்பறையில் இரண்டு குழந்தைகளை அருகருகே நிறுத்தினால் 3 புள்ளி வேறுபாட்டை எந்த ஆசிரியராலும் கண்டறிய முடியாது. ஆனால் சராசரி சிறிது நகரும்போது, விளிம்பில் இருப்பவர்களின் எண்ணிக்கை பெரிதும் மாறுகிறது. வளர்ச்சியில் பின்தங்கியவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டோரின் விகிதம், உயர் அளவுக் குழுவில் உடல் இயக்கத்தில் ஏறத்தாழ 5 மடங்காகவும் அறிவு வளர்ச்சியில் 2.4 மடங்காகவும் இருந்தது. சிறப்புப் பயிற்சி தேவைப்படும் குழந்தைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது இந்த விளிம்புதான். ‘சராசரியில் பெரிய வேறுபாடு இல்லையே’ என்று பின்னாளில் எழுந்த வாதம் இதைக் காணத் தவறிவிட்டது.

நடத்தையைப் பொறுத்தவரை, தாயிடம் ஒரு வினாப்பட்டியல் கொடுக்கப்பட்டது. ஒன்றரை முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்காக உலகெங்கும் பயன்படும் இந்தப் பட்டியலில் 99 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’ என்றால் 0, ‘சில நேரம்’ என்றால் 1, ‘பெரும்பாலும்’ என்றால் 2. கவனப் பிரச்சினைகள் என்ற பிரிவுக்கு உரியவை ஐந்தே கூற்றுகள்: ஒன்றில் நெடுநேரம் மனம் செலுத்த முடிவதில்லை; ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை; ஒரு செயலிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டெனத் தாவுகிறது; அங்குமிங்கும் அலைந்து போய்விடுகிறது; உடல் ஒருங்கிணைப்பு குறைந்து தடுமாறுகிறது. ஆக, மொத்த மதிப்பெண் 10-ஐத் தாண்டாது. மூன்று வயதுக் குழந்தையைப் பெற்ற எவரும் இவற்றில் இரண்டுக்காவது தயங்காமல் 1 போடுவார்கள்; அதனால்தான் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் மருத்துவக் கவனம் தேவைப்படுபவர்களாகக் கொள்கிறார்கள்.

உயர் அளவுக் குழுவில் அந்த மேல்நுனியில் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் (மற்றவர்களோடு ஒப்பிட்டால் அந்த வாய்ப்பு எத்தனை மடங்கு என்பது) கவனப் பிரச்சினையில் 11.26; கவனக்குறைவு, மிகை இயக்கம் சார்ந்த பிரச்சினைகளில் 6.50; சமூகத் தொடர்பு சார்ந்த பரவலான வளர்ச்சிப் பிரச்சினைகளில் 5.39. செய்தித்தாள்களுக்கு 11 என்ற எண் போதும். கவனமாகப் படிப்பவர் அதன் அருகே அச்சிடப்பட்டிருக்கும் இடைவெளியைப் பார்ப்பார்: 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, 1.79 முதல் 70.99 வரை விரிந்திருந்தது. மேல்நுனியில் இருந்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்கள் என்பதே இத்தனை விரிவின் பொருள். இரண்டு குழந்தைகளின் மதிப்பெண் வேறு மாதிரி வந்திருந்தால் 11 என்பது 5 ஆகவோ 20 ஆகவோ மாறியிருக்கலாம். தொடர்பு இருக்கிறது என்பதற்கு இந்த எண் சான்று. அதன் அளவு இவ்வளவு என்பதற்குச் சான்று அல்ல.

ஐந்து கூற்றுகளில் கடைசியாக நான் குறிப்பிட்டதையும் கவனிக்க வேண்டும். தடுமாற்றம் என்பது உடல் இயக்கத்தைச் சார்ந்தது; அதே குழந்தைகளின் உடல் இயக்க மதிப்பெண்தான் பேலி சோதனையில் அதிகம் சரிந்திருந்தது. எனவே, தேர்வாளர் நேரில் கண்ட இயக்கக் குறைவும் தாய் எழுதிய கவனக் குறைவும் முற்றிலும் தனித்தனியான இரண்டு சான்றுகள் என்று கொள்வது சற்று மிகை. அவை ஓரளவுக்கு ஒரே பாதிப்பை இரண்டு சாளரங்கள் வழியே காட்டுவதாகவும் இருக்கலாம். இது கண்டுபிடிப்பைப் பலவீனப்படுத்துவதாக நான் கருதவில்லை. வயது ஏறிய பிறகு வெளிப்பட்டது இந்த இயக்கத் தடத்தையே பின்பற்றியது என்பதைக் கீழே காணலாம்.

வயது ஏறியபோது

2011-இல் அதே குழுவின் 265 குழந்தைகளின் ஏழு வயதுச் சோதனை முடிவுகள் வெளியாயின. தொப்புள்கொடி ரத்த அளவு ஒரு திட்டவிலக்கம் உயரும்போது மொத்த நுண்ணறிவு ஈவு 1.4 சதவீதமும், சொன்னதை மனத்தில் நிறுத்தி வேலை செய்யும் நினைவாற்றல் 2.8 சதவீதமும் குறைந்தன. அதே சமயத்தில் வேறு இரண்டு குழுக்களின் கட்டுரைகளும் வெளிவந்தன. ஒன்று, நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையுடையது. மற்றொன்று, கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களிடையே பெர்க்லி பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு. சலினாஸில் கர்ப்ப காலச் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் சிதைபொருள் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரின் குழந்தைகள், மிகக் குறைவாக இருந்தவர்களின் குழந்தைகளைவிட ஏழு வயதில் நுண்ணறிவு ஈவில் 7 புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள். நடத்தையிலும் சலினாஸ் முடிவுகள் நியூயார்க்குடன் பெருமளவு ஒத்துப்போயின; ஆனால் அங்கே கவனப் பிரச்சினை மூன்றரை வயதில் தெளிவாகத் தெரியாமல் ஐந்து வயதில் தெரிந்தது, அதுவும் ஆண் குழந்தைகளிடம் கூடுதலாக.

2012-இல் வெளியான மூளைப் படங்கள் 40 குழந்தைகளுடையவை: உயர் அளவுக் குழுவில் 20, குறைந்த அளவுக் குழுவில் 20. உயர் அளவுக் குழுவில் பக்கவாட்டு மடலின் சில பகுதிகள் பருத்தும், முன் மடல், உச்சி மடல் புறணியின் சில பகுதிகள் மெலிந்தும் காணப்பட்டன. படங்கள் மனத்தில் பதிகின்றன என்பது உண்மை. 40 பேரைக் கொண்டு கட்டப்பட்ட முடிவு என்பதும் உண்மை. 2015-இல் வெளியான முடிவு அவ்வளவு பேசப்படவில்லை என்றாலும் எனக்கு அது கூடுதல் பொருளுடையதாகத் தோன்றுகிறது. ஏறத்தாழ 11 வயதை அடைந்த 263 குழந்தைகளிடம் சுருள் கோடு வரையச் சொல்லிப் பார்த்ததில், கருவில் அதிகம் பட்டவர்களின் கைகளில் லேசானது முதல் நடுத்தரம் வரையிலான நடுக்கம் அதிகமாகக் காணப்பட்டது. மூன்று வயதில் தாய் ‘தடுமாறுகிறது’ என்று குறித்ததும், தேர்வாளர் கட்டை அடுக்கும் சோதனையில் கண்டதும், பதினோரு வயதில் காகிதத்தில் விழுந்த கோணல் கோடும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

எதிர்வாதங்கள்

எதிர்வாதங்களில் சில வலுவானவை. முதலாவது, அளவீடு பற்றியது. குளோர்பைரிபாஸின் சிதைபொருள் பெரியவர் உடலிலிருந்து பாதியாகக் குறைய ஒரு நாளுக்குச் சற்றே அதிகமான நேரமே ஆகிறது. அப்படியானால் பிரசவத்தன்று எடுத்த ஒரு துளி ரத்தம் ஒன்பது மாத வரலாற்றை எப்படிச் சொல்லும்? பிரசவத்துக்கு முந்தைய வாரம் மருந்தடித்த வீடும், நான்காம் மாதத்தில் மூன்று முறை அடித்த வீடும் தவறான குழுவில் சேரலாம். வீட்டுக்குள் மருந்து வெயிலும் மழையும் படாமல் தரையிலும் மரச்சாமான்களிலும் நெடுநாள் தங்கி, மீண்டும் மீண்டும் காற்றில் கலக்கிறது என்பதால் இந்தப் பிழை ஓரளவு குறையும். மேலும், இப்படித் தாறுமாறாக நேரும் பிழை பெரும்பாலும் உண்மையான தொடர்பை மங்கச் செய்யுமே தவிர, இல்லாத தொடர்பை உருவாக்காது.

இரண்டாவது, பிற மாசுகள். இதே பெண்களின் பைகளில் எரிபொருள் புகையிலிருந்து வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் இருந்தன. கருவில் அவை அதிகம் பட்ட குழந்தைகளிடம் பிற்காலத்தில் பதற்றம், சோர்வு, கவனக் குறைவு காணப்பட்டதைப் பெரேரா குழுவினர் தனிக் கட்டுரைகளில் வெளியிட்டிருக்கிறார்கள். ஈய அளவு குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே கிடைத்தது. சுற்றுப்புறத்தின் வறுமை, கட்டடச் சிதைவு ஆகியவற்றைச் சேர்த்து 2011-இல் மறுபடியும் கணக்கிட்டபோது குளோர்பைரிபாஸின் தொடர்பு மறையவில்லை என்பது ஆறுதல்.

மூன்றாவதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன காலண்டர் பிரச்சினை. உயர் அளவுக் குழந்தைகள் பெரும்பாலும் தடைக்கு முன் பிறந்தவர்கள்; குறைந்த அளவுக் குழுவில் பின்னால் பிறந்தவர்கள் அதிகம். எனவே இரு குழுக்களையும் ஒப்பிடும்போது, அளவோடு பிறந்த ஆண்டையும் சேர்த்தே ஒப்பிட நேர்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்லத் தேர்வாளர்களின் கை பழகியிருக்கலாம். அந்த ஆண்டுகளில் வேறு மாசுகளும் மாறியிருக்கலாம். இதற்கு முழுமையான பதில் இந்த ஒரு குழுவுக்குள் கிடைக்காது. தடையின்றி, வேறு வகையில் பட்ட மக்களிடம் பார்த்தால்தான் தெரியும். சலினாஸ் முடிவுகளின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. மறுபக்கம், சின்சினாட்டியில் நடந்த பின்தொடர் ஆய்வில் கர்ப்ப கால ஆர்கனோபாஸ்பேட் அளவுக்கும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அங்கே அளவுகள் குறைவு.

இதே வகைக் காலண்டர் சான்று வேறொரு மாசுக்கும் உண்டு. சீனாவின் சோங்சிங் பகுதியைச் சேர்ந்த டோங்லியாங்கில், 2004-இல் நிலக்கரி மின்நிலையம் ஒன்று மூடப்பட்டது. மூடுவதற்கு முன் 2002-இலும், மூடிய பின் 2005-இலும் பிறந்த குழந்தைகளைப் பெரேரா, டாங் குழுவினர் ஒப்பிட்டார்கள். முதல் குழுவில் தொப்புள்கொடி ரத்த டிஎன்ஏவில் படிந்த புகைத் தடத்துக்கும் இரண்டு வயதில் இயக்க வளர்ச்சிக் குறைவுக்கும் இருந்த தொடர்பு, இரண்டாம் குழுவில் தெரியவில்லை. பொருள் வேறு, நாடு வேறு. மூலத்தை நிறுத்தியதும் தொடர்பு மறைந்தது என்பது மட்டும் ஒன்று.

நீதிமன்றங்களில்

வீட்டுக்குள் நிறுத்தப்பட்ட பொருளை வயலிலும் நிறுத்துமாறு 2007-இல் இரண்டு சுற்றுச்சூழல் அமைப்புகள் முகமையிடம் மனு அளித்தன. அந்த மனுவுக்குத் தெளிவான விடை கிடைக்க 14 ஆண்டுகள் ஆயின. 2014-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், நியூயார்க் தாய்மாருக்கு நொதி முடக்கம் 10 சதவீதத்தை எட்டியிருக்க வாய்ப்பில்லை என்று முகமையே கணித்தது. அதாவது, பழைய அளவுகோல் பாதுகாப்பானது என்று சொன்ன அளவில்தான் குழந்தைகளிடம் பாதிப்பு காணப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பாதிப்பிலிருந்து ஒரு பாதுகாப்பு வரம்பை எண்ணாகக் கணக்கிட, தொப்புள்கொடி ரத்த அளவைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி எழுந்தபோது, 2016-இல் முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழுவில் பெரும்பாலோர் அதற்கு உடன்படவில்லை. தனிப்பட்ட தரவுகளை ஒப்படைக்குமாறு கேட்கப்பட்ட பல்கலைக்கழகம், சிறிய வட்டாரத்தில் வாழும் குடும்பங்களின் அடையாளம் வெளிப்பட்டுவிடும் என்று தயங்கியதும் சர்ச்சையைக் கூட்டியது.

2017 மார்ச்சில் முகமை மனுவை நிராகரித்தது. இதற்கிடையே, பதிவுக்காக 1998-இல் உற்பத்தியாளர் செய்வித்த எலி ஆய்வின் மூலத் தரவுகளை அக்செல் மீ, கிறிஸ்டினா ருடேன், பிலிப் கிராண்ட்ஜான் ஆகியோர் மறு ஆய்வு செய்து, குறைந்த அளவிலும் எலிக்குட்டிகளின் சிறுமூளையின் உயரம் குறைந்திருந்ததையும், அறிக்கையின் முடிவுரையில் அது இடம்பெறாததையும் 2018-இல் வெளியிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020 தொடக்கத்தில் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு முடிவோடு கலிஃபோர்னியாவிலும் பயன்பாடு பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. 2021 ஏப்ரலில் ஒன்பதாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் கடுமையான சொற்களில் ஆணையிட்ட பிறகு, ஆகஸ்டில் முகமை உணவுப் பயிர்களுக்கான அனுமதி அனைத்தையும் விலக்கியது. 2023 நவம்பரில் எட்டாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம், பாதுகாப்பானவை என்று முகமையே முன்பு குறிப்பிட்டிருந்த பயன்பாடுகளைத் தனியே பரிசீலிக்காமல் ஒட்டுமொத்தமாக விலக்கியது தவறு என்று கூறி அந்த முடிவை ரத்து செய்தது.

2024 டிசம்பரில் முகமை முன்வைத்த வரைவு, ஆப்பிள், சிட்ரஸ், பீச், ஸ்ட்ராபெரி, சோயா, கோதுமை, பருத்தி உள்ளிட்ட 11 பயிர்களுக்கு மட்டும் அனுமதியைத் தக்கவைத்து மற்றவற்றை விலக்க முன்மொழிந்தது. 2025-இல், எளிதில் சிதையாத நச்சுப் பொருள்கள் குறித்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், சில விலக்குகளுடன், குளோர்பைரிபாஸை ஒழிக்கப்பட வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தன. 2001-க்குப் பின் அமெரிக்க நகரக் குடியிருப்புகளில் கருவுற்றவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, வயலை ஒட்டிய வீடுகளில் கருவுற்றவர்களுக்குக் கிடைக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின; 2023 தீர்ப்பால் அதுவும் நிலைக்கவில்லை. அந்த 11 பயிர்கள் விளையும் வயல்களை ஒட்டி வசிப்பவர்களுக்கு அது இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.